பருந்து வால் மடக்கும் வரை

தாம்பரத்தில் செங்கல்பட்டுக்கு முதல் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று அலாரம் வைத்து எழுந்தவள், இரண்டாவதைத்தான் பிடித்தேன். பைனாகுலர் ஃபிரிட்ஜுக்கு மேலே, நேற்று வாங்கிய கொத்தமல்லிக் கட்டுக்குப் பின்னால் கிடந்தது. அதை அங்கே வைத்தது யார் என்று வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஊரே போர்வைக்குள் இருக்கும் நேரத்தில், நாற்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி தோளில் பையும் கழுத்தில் கண்ணாடியுமாக ஸ்டேஷனுக்கு ஓடுவதைப் பார்த்துப் பால்காரர் வண்டியை நிறுத்தி வழிவிட்டார்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் உத்திரமேரூர் வண்டி கிளம்பத் தயாராக இருந்தது. கண்டக்டர் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "வேடந்தாங்கலா மேடம்? அந்த பஸ் வேற" என்றார். பைனாகுலரோடு இந்தப் பக்கம் வருகிறவர்கள் எல்லாரும் வேடந்தாங்கலுக்குத்தான் போவார்கள் என்பது கண்டக்டர்கள் கண்ட உண்மை. உத்திரமேரூர்தான் என்றேன். "அங்க இன்னா பறவ கீது? காக்காதான் கீது" என்று சொல்லிக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார். முப்பது கிலோமீட்டர் பயணம். புக்கத்துறை கூட்ரோடு தாண்டியதும் நெடுஞ்சாலை இரைச்சல் அடங்கி, இரு பக்கமும் அறுவடை முடிந்த வயல்கள் வந்துவிடும்.

நான் எதற்குப் போகிறேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புறா அளவில், மார்பில் செங்கோடுகளோடு, ஓணானையும் சின்னக் குருவிகளையும் அடித்துத் தின்னும் ஒரு வேட்டைப் பறவை உண்டு. வைரி என்போம். நம் தெருவிலேயே இருக்கும், நாம்தான் பார்ப்பதில்லை. அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு பறவை பெஸ்ரா. அதற்கென்று ஊரறிந்த தமிழ்ப் பெயர் கிடையாது. வைரிக்குத் தொண்டையின் நடுவில் மெல்லிய கோடு ஒன்று இருந்தும் இல்லாததுபோல் இருக்கும். பெஸ்ராவுக்கு அதே இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் இழுத்தது போலத் தடித்த கோடு. மரங்கள் அடர்ந்த மலைப்பக்கம்தான் அதற்குப் பிடிக்கும், குளிர்காலத்தில் எப்போதாவது சமவெளிக்கு வரும். பன்னிரண்டு வருஷமாகப் பறவை பார்க்கிறேன், இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர் போன வாரம் உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் நடுவே எடுத்த படம் ஒன்றைப் போட்டு, "பெஸ்ராவா?" என்று கேட்டிருந்தார். படம் கலங்கலாக இருந்தது. அந்தக் கேள்விக்குறி எனக்குப் போதும்.

ஏழேகாலுக்கு உத்திரமேரூர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில் இட்லி, வடைகறி. வடைகறி நன்றாக இருந்ததால் இன்னும் இரண்டு இட்லி. ஆட்டோ ஸ்டாண்டில் முதல் வண்டிக்காரர் பாஸ்கர், முப்பது வயது இருக்கும். நாள் முழுக்க என்னோடு சுற்ற வேண்டும், சொல்கிற இடத்தில் எஞ்சினை அணைக்க வேண்டும், ஹாரன் கூடாது என்றேன். எண்ணூறு ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார். "ஹாரன் அடிக்கலன்னா ஆடு நவுராது மேடம், அத்த மட்டும் பர்மிஷன் குடுங்க" என்றார். ஆட்டுக்கு மட்டும் கொடுத்தேன்.

ஊரை விட்டு வெளியே வந்ததும் கோழிக்கடை ஒன்றின் மேல் நாலைந்து கள்ளப்பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன. கடைக்காரர் வீசும் குடலுக்காக. பாஸ்கர் வண்டியை நிறுத்தினார்.

"தோ, நீங்க கேட்ட பருந்து. முடிஞ்சிதா? திரும்பிடலாமா?"

"இது வேறங்க. நான் தேடுறது சின்னது."

"எல்லாம் ஒரே மாறிதான கீது? எப்டி கண்டுபுடிக்கிறீங்க?"

நிறத்தை நம்பக் கூடாது என்று சொன்னேன். வெயில் எதிரில் இருந்தால் எல்லாப் பருந்தும் கறுப்பு. வயசுக்கு ஒரு நிறம், இறகு உதிர்க்கும்போது ஒரு நிறம். வாலைப் பார்க்க வேண்டும். கள்ளப்பருந்து வாலை மடக்கினால் நடுவில் பிளந்து மீன் வால் மாதிரி இருக்கும். கருடன் என்று நாம் கும்பிடுகிற செம்பருந்துக்கு வால் முனை வட்டமாக இருக்கும். ஆனால் வட்டமடிக்கும்போது இரண்டும் வாலை விரித்துக்கொள்ளும், அப்போது பிளவு தெரியாது, நன்றாக ஏமாற்றும். மடக்கும் வரைக்கும் பொறுமையாக இருக்க வேண்டும்.

"மடக்காமயே போயிட்டா?"

"போயிட்டா தெரியலன்னு எழுதணும்."

"செம பேஜாரான வேல மேடம் இது" என்றார் பாஸ்கர்.

பெருநகர் சாலையில் ஒன்பது கிலோமீட்டர் போய், இடது பக்கம் ஒரு கிளைச் சாலையில் திரும்பினோம். அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை, ஏன் என்பது பின்னால் புரியும். ஊருக்குள் நுழைந்து, பெரிய கோயிலைத் தாண்டி, வயல் வரப்பு ஓரமாக இன்னும் அரைக் கிலோமீட்டர் போனால் காலனி. கலங்கல் படம் எடுத்தவர் காலனிக்குப் பின்னால் உள்ள தோப்பைத்தான் சொல்லியிருந்தார். தூரத்திலேயே ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கூச்சமான பறவையைத் தேடி இவ்வளவு தூரம் வந்தால், இவர்கள் குழாய் கட்டிப் பாட்டுப் போடுகிறார்கள்! தெரு முழுக்க மாவிலைத் தோரணம், பச்சைப் பந்தல், கோலம். "கும்பாபிஷேகம் மேடம், இன்னிக்கி" என்றார் பாஸ்கர், நான் வருவேன் என்று தெரிந்து அவர்களே தேதி குறித்தது போல.

எட்டரை மணிக்கு, தெருவின் கடைசி வீட்டுப் பக்கம், முருங்கை மரத்தில் அதைப் பார்த்தேன்.

முதுகு சாம்பல். மார்பில் கோடுகள். வாலில் பட்டை பட்டையாகக் கறுப்பு. வைரி என்று நினைத்துக் கண்ணாடியை எடுத்தேன். தொண்டையில், நட்டநடுவில், தடித்த கறுப்புக் கோடு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "பெஸ்ரா! பெஸ்ரா!" என்று நான் கத்தியதில் தண்ணீர்க் குழாயடியில் இருந்த ஐந்தாறு பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். பாம்பு என்று நினைத்தார்களாம்.

"பாம்பு இல்லம்மா, பறவை! இந்தப் பக்கமே வராத பறவை! பன்னிரண்டு வருஷமா தேடுறேன். உங்க தெருவுக்கு வந்திருக்கு!"

"எங்க தெருவுக்கா?" என்று முன்னால் வந்தாள் ஒருத்தி. மஞ்சள் பூசிய முகம், இடுப்பில் செருகிய புதுப்புடவை, ஐம்பது வயது இருக்கும். முருங்கை மரம் அவள் வீட்டுடையது. பெயர் அஞ்சலை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். "பாத்தியாடி, கும்பாபிசேகத்தன்னிக்கு நம்ம தெருவுக்கு அதிசயப் பறவ வந்துகீது!" என்று மற்றவர்களிடம் சொன்னாள். எல்லாருக்கும் வாயெல்லாம் பல். நான் அதற்குள் குழுவில் செய்தி போட்டுவிட்டேன். வாழ்த்துகள் டொக் டொக்கென்று விழுந்தன.

அந்தப் பறவை அப்போது ஒரு கிளை தள்ளி உட்கார்ந்தது. தொண்டைக் கோடு காணாமல் போனது. அது முருங்கைக் கிளையின் நிழல். தலையைத் திருப்பியபோது அலகு மெலிந்து நீண்டிருந்தது, வேட்டைப் பறவைக்குரிய கொக்கி இல்லை. பிறகு அது சாவகாசமாக முருங்கைத் தண்டில் ஒட்டியிருந்த கம்பளிப்பூச்சி ஒன்றைப் பிடுங்கி, இப்படியும் அப்படியும் உதறி, விழுங்கியது. கம்பளிப்பூச்சி தின்கிற வைரி உலகத்தில் கிடையாது. அது அக்காக்குயில். பார்வைக்கு அப்படியே வைரி போலிருக்கும் குயில் ஜாதி. புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு முதல் பாடமாக நானே வருஷாவருஷம் சொல்லிக்கொடுப்பேன், ஏமாறாதீர்கள் என்று. நல்ல பாடம்!

ஏன் ஏமாந்தேன் என்றும் தெரியும். பெஸ்ரா வேண்டும் என்று வந்தேன், அதனால் பெஸ்ராவைப் பார்த்தேன். மனசு ஆசைப்பட்டதைக் கண் காட்டிவிடும். இந்தப் பொழுதுபோக்கில் மூடுபனியை விட, எதிர்வெயிலை விடப் பெரிய எதிரி அதுதான்.

பெண்கள் இன்னும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மன்னிச்சுக்கோங்கம்மா. நான் சொன்னது தப்பு. இது அந்தப் பறவை இல்லை. சாதாரண அக்காக்குயில், எல்லா ஊரிலும் இருக்கிறதுதான்" என்றேன். முகங்கள் விழுந்துவிட்டன. எனக்கே பாவமாக இருந்தது.

"அடப் போம்மா" என்றாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண். "சொல்லாமயே இருந்திருந்தா எங்களுக்கு இன்னா தெரியப்போவுது? அதிசயப் பறவன்னே நெனச்சிக்கினு இருந்திருப்போம்."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சேம்மா" என்றேன். பிறகு குழுவிலும், "தவறு. அக்காக்குயில். நீக்கிவிடுங்கள்" என்று போட்டேன். வாழ்த்தியவர்கள் எல்லாரும் இப்போது சிரிக்கிற முகம் போட்டார்கள். மானம் கப்பலேறியது. அஞ்சலை மட்டும் போகாமல், நான் போனில் தட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "டீ குடிக்கிறியா?" என்றாள். அதுவரை கண்டக்டருக்கும் பாஸ்கருக்கும் மேடமாக இருந்த நான் அவளுக்கு அங்கேயே நீயாகிவிட்டேன்.

டீ குடிக்கும்போதுதான் கோயில் கதையைச் சொன்னாள். காலனியின் கங்கையம்மன் ரொம்ப நாளாக ஓலைக் கொட்டகையில்தான் இருந்தாள். நூறு நாள் வேலைக் கூலியிலும், கரும்பு வெட்டப் போன கூலியிலும் பிடித்துப் பிடித்து, இவர்களே செங்கல் சுமந்து, சின்னதாக ஒரு விமானத்தோடு கோயில் கட்டியிருக்கிறார்கள். கோயிலுக்குப் பணம் சேர்த்த பெண்கள் குழுவுக்கு அஞ்சலைதான் தலைவி. இதுதான் முதல் கும்பாபிஷேகம்.

"எல்லாம் ரெடி. ஒண்ணுதான் எனுக்கு பயமா கீது" என்றாள். "கருடன்."

கருடன் பெருமாளுடைய வாகனம்தான். ஆனால் நம் பக்கத்தில் எந்தச் சாமிக்குக் கும்பாபிஷேகம் என்றாலும், கலசத்தில் தண்ணீர் ஊற்றும் நேரத்துக்குக் கருடன் வந்து வட்டமடிக்க வேண்டும். வந்தால் சாமி ஒப்புக்கொண்டது என்று அர்த்தம். இரண்டு வருஷத்துக்கு முன் ஊர்ப் பெரிய கோயிலில் கும்பாபிஷேகம் நடந்தபோது கருடன் வந்ததாம். அதைப் போட்டோ பிடித்து, ஆளுயர ஃபிளெக்ஸ் அடித்து, சாலை முனையில் இன்னும் வைத்திருக்கிறார்கள். நானும் வரும்போது பார்த்தேன். காலனி கோயிலுக்குப் பத்திரிகை வைக்கப் போனபோது, டீக்கடையில் தணிகாசலம் என்ற நிலக்காரர், "நீங்க கோயிலு கட்டிட்டீங்க, சரி. கருடனுக்கு உங்க தெருவுக்கு வழி தெரியணுமே" என்றாராம். கடையே சிரித்ததாம்.

"அந்தாளு வயல்லதான் முப்பது வருசமா நாத்து நட்டேன் நானு. இன்னிக்கி கருடன் வரலன்னா, அடுத்த கும்பாபிசேகம் பன்னெண்டு வருசம் கயிச்சிதான். அதுவரிக்கும் அந்தச் சிரிப்ப கேட்டுக்கினே கெடக்கணும்." டீ டம்ளரைக் கவிழ்த்துக் கழுவினாள். "நீதான் பறவ பாக்குற ஆளாச்சே. இரு. பாத்துட்டு போ."

தோப்பில் தேட வேண்டியது பாக்கி இருந்தது. ஆனால் அந்த ஸ்பீக்கர் சத்தத்தில் பெஸ்ரா செய்யாறு தாண்டிப் போயிருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு, பையை அவள் வீட்டில் வைத்துவிட்டுக் கோயிலுக்கு நடந்தேன்.

ஒன்பதரை மணிக்கெல்லாம் சரியான கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலி முதல் வரிசையில் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கனத்த உடம்போடு நடுவில் இருந்தவர்தான் தணிகாசலம் என்று பாஸ்கர் காதில் சொன்னார். அழைப்பை மதித்து வந்திருந்தார், தாம்பாளத்தில் பழம் வைத்துத்தான் வந்திருந்தார், அதையும் சொல்ல வேண்டும். யாகசாலையிலிருந்து குடங்கள் கிளம்பின. பம்பையும் உடுக்கையும் காதைப் பிளந்தன. பூசாரி குடத்தைத் தலையில் வைத்து, மூங்கில் சாரத்தில் ஏறி, விமானத்துக்கு மேலே போய் நின்றார். மைக்கில் ஒரு பையன் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தான். "பக்தர்கள் எல்லாரும் வானத்த பாத்துக்கினே இருங்க. எந்த நேரத்திலயும் கருட பகவான் வரலாம்."

எல்லாரும் வானத்தைப் பார்த்தோம். நீலமாக இருந்தது. ஒரு காகம் போனது.

நேரம் போகப் போகப் பூசாரியின் முகத்தில் வியர்வை வழிவது கீழே இருந்தே தெரிந்தது. நல்ல நேரம் பத்தரை வரைக்கும்தான். மைக் பையனுக்கும் சரக்குத் தீர்ந்து, "பச்சைக் கலர் சைக்கிளை வழியிலிருந்து எடுக்கவும்" என்று அறிவித்துக்கொண்டிருந்தான். அஞ்சலை என் பக்கத்தில் கைகளைக் கோத்தபடி அசையாமல் நின்றாள். நான் என்ன சாமியா, வரச் சொல்ல? ஆனாலும் மனசுக்குள், வா வா என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

தென்கிழக்கே, தென்னந்தோப்புக்கு மேலே, பறவை ஒன்று எழும்பியது.

"வந்துட்டார்! கருட பகவான் வந்துட்டார்!" என்று மைக் அலறியது. குலவை, மேளம், கைகூப்பல். பறவை மெதுவாக வட்டம் போட்டுக்கொண்டே கோயில் பக்கம் வந்தது. இன்னும் நெருங்கியதும், கூட்டத்தின் ஒரு பக்கம் குலவை குறைந்தது. செம்மண் நிற உடம்பு இல்லை. வெள்ளைக் கழுத்து இல்லை. தலையிலிருந்து வால்வரைக்கும் அழுக்குப் பழுப்பு.

தணிகாசலம் நாற்காலியில் இருந்தபடியே, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "கருடன்னா களுத்துல வெள்ள இருக்கும்பா. இது கோளி தூக்குற பருந்து. பிரியாணி போட்டிருக்கீங்களா, வாசன புடிச்சி வந்துகீது." முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மைக் பையன் வாயைத் திறந்தபடி நின்றான். மேளம் தானாகவே ஓய்ந்தது. மேலே பூசாரி, ஊற்றவா வேண்டாமா என்று குடத்தோடு கீழே பார்த்தார்.

அஞ்சலை என் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "தோ, பறவ பாக்கவே மெட்ராசுலேர்ந்து வந்துகிறாங்க. இவங்கள கேளுங்க. இவங்க சொல்லட்டும்."

"சொல்லுங்க மேடம்" என்றார் தணிகாசலம். "படிச்சவங்க சொன்னா கேட்டுக்கறோம்." கிண்டலா நிஜமா என்று அந்தக் குரலில் தெரியவில்லை.

கண்ணாடியைத் தூக்கினேன். செம்பருந்தின் குஞ்சு முதல் வருஷம் இப்படிப் பழுப்பாகத்தான் இருக்கும், பார்த்தவுடன் கள்ளப்பருந்து என்றுதான் தோன்றும். எனக்கு அது தெரியும். ஆனால் கள்ளப்பருந்தும் பழுப்பாகத்தான் இருக்கும் என்பதும் தெரியும். இறக்கை அடியில் வெளிறிய திட்டு இருந்தது. இரண்டுக்கும் இருக்கலாம். வால் விரிந்திருந்தது, சூரியன் அதன் பின்னாலேயே நின்று ஓரத்தைக் கரைத்துவிட்டது. விரிந்த வாலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்று எனக்குத் தெரிந்தும், வட்டமாக இருக்கிற மாதிரி தெரிந்தது. அங்கேதான் எனக்குப் பயம் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் இதே கண்தான் முருங்கை நிழலைத் தொண்டைக் கோடாகக் காட்டியது. அப்போது ஆசைப்பட்டது எனக்காக. இப்போது நூறு பேர் நிற்கிறார்கள்.

"இருங்க" என்றேன். "வாலை மடக்கட்டும்."

"இன்னா?"

"வட்டம் போடுறத நிறுத்தி, வாலை மடக்கணும். அப்பத்தான் சொல்ல முடியும்."

கூட்டத்தில் சலசலப்பு. "கருடன்தான்னு சொல்லிட்டுப் போவியா" என்று பின்னால் ஒரு குரல். "நேரம் போவுதுங்க" என்று மேலேயிருந்து பூசாரி. பாஸ்கர் மட்டும் எனக்குத் துணை வந்தார். "ஆமாய்யா, மடக்கினா மீன் வாலு பருந்து, வட்டம்னா கருடன், காத்தால சொன்னாங்க. கொஞ்சம் கம்னு இருங்க!" பறவை ஒரு சுற்று, இரண்டாவது சுற்று, விமானத்துக்கு நேர் மேலே மூன்றாவது சுற்று. என் தோள்பட்டை வலித்தது. அஞ்சலை என்னைப் பார்க்கவில்லை, பறவையையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

பிறகு அது கிளம்பிவிட்டது. காற்று போதும் என்று நினைத்ததோ என்னவோ, வட்டத்தை விட்டு வடமேற்கே, ஏரிப் பக்கமாக நேராகச் சறுக்கியது. சூரியன் இப்போது எனக்குப் பின்னால். வால் மடங்கியது. விசிறியை மூடினது போல மடங்கி, நுனி வட்டமாக, பிளவு என்கிற பேச்சுக்கே இடமில்லாமல் வட்டமாக இருந்தது. நான் ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தேன். லேசாகத் திரும்பும்போது மறுபடி விரித்து மறுபடி மடக்கியது. வட்டம்தான்.

"கருடன்" என்றேன். "கருடன்தாங்க! குஞ்சு. பிறந்து ஒரு வருஷம் ஆகலை. முதல் வருஷம் கருடன் இந்த நிறத்திலதான் இருக்கும். வளர வளரத்தான் செவப்பும் வெள்ளையும் வரும். வாலைப் பாருங்க!"

கண்ணாடியைக் கழற்றித் தணிகாசலத்திடமே கொடுத்தேன். அவர் எழுந்து நின்று, கண்ணில் வைத்து, ஏரிப் பக்கம் தேடினார். கிடைத்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. "கருடனுக்குக் குஞ்சுல இப்டியா இருக்கும்? கேள்விப்பட்டதில்லையே" என்று மட்டும் சொல்லிக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குள் மைக் பையனுக்கு உயிர் வந்துவிட்டது. "பக்த கோடிகளே! நம்ம புதுக் கோயிலுக்கு குட்டி கருடன் வந்துகீது! கொயந்த சாமி வந்துகீது!" மேளம் இடித்தது. பூசாரி குடத்தைக் கவிழ்த்தார். கலசத்தில் ஊற்றியது போக மீதித் தண்ணீரைக் குழாய் வைத்துக் கூட்டத்தின்மேல் பீய்ச்சினார்கள். எல்லாரும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்கள். தணிகாசலம் ஒத்துக்கொண்டாரா என்று சொல்ல முடியாது, ஆனால் தண்ணீர் வந்தபோது தோள்துண்டை எடுத்துவிட்டு அவரும் குனிந்தார்.

அஞ்சலை அழுதாள். சத்தமாக, வெட்கப்படாமல், பக்கத்துப் பெண்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும்தான். கண்ணாடி முழுக்கத் தண்ணீர்.

பந்தியில் சாம்பார் சாதம், வடை, பாயசம். பிரியாணி இல்லை என்பதைப் பாஸ்கர் இலையில் உட்கார்ந்த பிறகும் இரண்டு தடவை உறுதி செய்துகொண்டார். இரண்டு மணிக்குத் தோப்பில் ஒரு சுற்று சுற்றினேன். வைரி ஒன்று கிடைத்தது. தொண்டைக் கோடு மெல்லியது, சந்தேகமே இல்லை. பெஸ்ரா இல்லை. கலங்கல் படத்துக்குச் சொந்தக்காரர் பார்த்ததும் இந்த வைரியைத்தான் என்று நினைக்கிறேன், ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன்.

நாலு மணிக்கு ஏரியோரத் தரிசில் பூனைப்பருந்து ஒன்று தாழ்வாகப் பறந்து வந்தது. வடக்கேயிருந்து குளிருக்கு வரும் விருந்தாளி. பெண் பறவை. இதில் இரண்டு இனங்களின் பெண்கள் ஏறக்குறைய அச்சில் வார்த்தது போல இருக்கும். கழுத்தைச் சுற்றி வெளிறிய பட்டை எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அது முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை. தரிசைத் தாண்டிப் போய்விட்டது.

"இது இன்னா மேடம்?"

"பூனைப்பருந்து. எந்த இனம்னு தெரியலை."

"இத்தினி தூரம் வந்து, தெரியலன்னு எழுதிக்கினு போறீங்க" என்று பாஸ்கர் தலையில் அடித்துக்கொண்டார்.

பையை எடுக்க மறுபடி காலனிக்குப் போனபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை வாசலில் உட்கார்ந்து கால் நீட்டியிருந்தாள். பையோடு ஒரு தூக்குச் சட்டியில் பாயசமும் தந்தாள். சட்டியை எப்படித் திருப்பித் தருவது என்றேன். "அதுக்குத்தான குடுக்குறது, திரும்பி வருவ இல்ல" என்றாள். போட்டோ எடுத்தாயா, நாங்களும் சாலை முனையில் ஃபிளெக்ஸ் வைக்கணும் என்று கேட்டாள். எடுக்கவில்லை, கண்ணாடியைக் கண்ணிலிருந்து இறக்கினால்தானே போனை எடுப்பது என்றேன். கொஞ்சம் வருத்தப்பட்டாள். நானும்தான். ஒரு படம் இருந்திருந்தால் தணிகாசலத்துக்கு எதிரே பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கலாம். இந்த ஊரின் பெயரை நான் எழுதாததற்கும் படம் இல்லாததுதான் காரணம். என்னை மாதிரி நாலு பேர் கேமராவோடு வந்து, அது கருடனா இல்லையா என்று அவர்களிடமே விசாரணை வைப்பதை நான் விரும்பவில்லை.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அஞ்சலை கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். நெஜத்த சொல்லு. வாலு மீன் வாலா இருந்திருந்தா இன்னா சொல்லியிருப்ப?"

பாஸ்கர் எஞ்சினைப் போடாமல் திரும்பிப் பார்த்தார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வெறும் பருந்துதான் என்று அத்தனை பேருக்கு நடுவில் சொல்வதை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. நல்லவேளை, அது நடக்கவில்லை. ஆனால் பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

"பருந்துன்னுதான்கா சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்ப" என்று தலையாட்டினாள். "காத்தால அந்தக் குயிலு நீ சொன்னது இல்லன்னு தெரிஞ்சதும், யாரும் கேக்காமயே, தப்புன்னு எங்ககிட்ட சொன்ன. போன்லயும் போட்ட. அப்பவே நெனச்சேன், இவ நமக்கோசரம்கூட பொய் சொல்லமாட்டா. அதனாலதான் அத்தினி பேருக்கு முன்னாடி உன்ன கேட்டேன். நம்ம ஆளு எவனாச்சும் கருடன்னு சொன்னா அந்தாளு நம்புவானா?"

கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "போ, இருட்டறதுக்குள்ள பஸ்ச புடி. சட்டிய எடுத்துக்கினு வா."